பார்த்தவர்கள் எண்ணிக்கை

அரிமளத்தில் உரக்கடைக்கு மேலே படியேறிப் போனால் இரண்டாவது கதவு என்னுடையது. வெப்சைட் செய்து தருகிறேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கீழே யூரியா மூட்டை இறங்கும்போது மேலே என் மேஜை லேசாக ஆடும். வருகிறவர்கள், "நம்ம கடைய இன்டர்நெட்டுல ஏத்தி விடுங்கம்மா" என்பார்கள். ஏத்தி விடுவேன். எங்கே ஏத்துகிறேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன். இந்த சைட்டெல்லாம் இருக்கிற மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

வருஷ வாடகைக்கு அதில் ஒரு இடம் எடுத்திருக்கிறேன். ஷேர்டு ஹோஸ்டிங் என்பார்கள். சர்வர் என்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் கம்பெனிக்காரன் பல நூறு பேருக்குப் பங்கு பிரித்து விடுகிறான். லைன் வீடு மாதிரிதான். ஆறு குடித்தனம், மாடியில் ஒரே டேங்க். ஒரு வீட்டில் விருந்தாளி வந்து எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மற்ற ஐந்து வீட்டிலும் காற்றுதான் வரும். அதனால் வீட்டுக்காரர் ஒவ்வொரு குழாயிலும் ஒரு வால்வை வைத்து, இதற்கு மேல் திறக்க முடியாதபடி இறுக்கி வைத்திருப்பார். அந்த வால்வு இருப்பதே நமக்கு விருந்தாளி வருகிற அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குக் கிடைத்த பங்குக்குள் நான் இருபத்தேழு சைட்டுகளை வைத்திருந்தேன். ஒரு கல்யாண மண்டபம், இரண்டு ஸ்டுடியோ, ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு நர்சரி, ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், இப்படி. ஒரு நாளைக்கு ஒவ்வொன்றையும் பத்துப் பேர் பார்த்தால் பெரிசு. அதிலும் நாலு பேர் சைட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டு ஆட்களாக இருப்பார்கள். "எத்தன பேரு பாத்துருக்காங்க?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. எவ்வளவு சொல்லிப் பார்ப்பது? கடைசியில் எல்லா சைட்டுக்கும் அடியில் "இதுவரை பார்த்தவர்கள்" என்று ஒரு எண் ஓடும்படி செய்துவிட்டேன். ஓடுகிறதைப் பார்த்தால் மனுஷனுக்கு ஒரு திருப்தி.

இருபத்தெட்டாவதாக ஒன்று இருந்தது. அது வாடிக்கையாளருடையது இல்லை, நானே செய்தது. மாடு தேடுகிற பக்கம்.

எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் வைகாசி வரைக்கும் வாரா வாரம் எங்கேயாவது ஜல்லிக்கட்டு இருக்கும். வாடிவாசலை விட்டு வெளியே வந்த மாட்டை, ஓடி முடிகிற இடத்தில் கயிற்றோடு நின்று அதன் ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சில மாடு பிடி கொடுக்காது. வயலில் இறங்கி, கண்மாயைத் தாண்டி, போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் டூவீலரில் நாலு திசைக்கும் ஆள் போவதும், வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவதும்தான். மாடு மறுநாளே கிடைத்துவிட்டாலும் போட்டோ விடாது. இரண்டு வருஷம் கழித்து, செத்துப்போன மாட்டைக்கூட "காணவில்லை, அதிகம் பகிரவும்" என்று அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எரிச்சலாக வரும். அதனால்தான் ஒரே இடத்தில் எல்லா மாட்டையும் போட்டு, கிடைத்ததும் பச்சைப் பட்டை போடுகிற மாதிரி அந்தப் பக்கத்தைச் செய்தேன். அடியில் என் கடைப் பெயர் வரும், விளம்பரம் ஆச்சு. புண்ணியத்துக்குச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு மாசி மாதத் திங்கள்கிழமை. மத்தியானம். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் ஸ்கூட்டியை நிறுத்திய சத்தமே சரியில்லை, சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். காலில் முட்டி வரைக்கும் முள் கிழித்த கோடு.

"அக்கா, மாட்டக் காணோம்க்கா. நேத்து வாடியில இருந்து வெளிய வந்தது. இங்கிட்டு திருமயம் ரோடு வரைக்கும் போயாச்சு, அங்கிட்டுத் தைலமரக் காடு முழுக்கச் சுத்தியாச்சு. மூக்கணாங்கயிறு வேற கீழ தொங்குது. எதுலயாச்சும் மாட்டிக்கிச்சுன்னா அப்படியே நிக்கும்க்கா, தண்ணி குடிக்காது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. புருஷன் குவைத்தில் டிரைவர், நாலு வருஷம் ஆகிறது. கன்றிலிருந்து மாட்டை வளர்த்தது இவள். நீச்சலுக்குக் கண்மாயில் இறக்குவது, மண்ணைக் குத்தப் பழக்குவது, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது எல்லாம் இவள்தான். மாட்டை அவிழ்க்கும்போது மட்டும் மைக்கில் புருஷன் பெயரைச் சொல்வார்கள். அதுதான் வழக்கம். மாட்டு டாக்டரிடம் போனில் கேட்டாளாம். இந்த வெயிலில், மிரண்ட மாடு தண்ணீர் குடிக்காமல் மூன்றாம் நாளைத் தாண்டுவது கஷ்டம், அதற்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எதிலும் விழாமல் இருக்க வேண்டும் என்றாராம். மூன்றாம் நாள் என்றால் நாளைக்கு.

"மாட்டு மேல நம்பர் எழுதலயா?" என்று கேட்டேன். இப்போதெல்லாம் முதுகிலோ விலாவிலோ பெயிண்டில் போன் நம்பர் எழுதித்தான் விடுகிறார்கள்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எழுதியிருக்குக்கா. அவுக நம்பரு."

"அவர்தான் குவைத்துல இருக்காரே?"

"இங்க இருக்கயில வச்சிருந்த நம்பரு. வருசா வருசம் அதத்தான் எழுதுறது. சிம்மு பீரோவுல கெடக்கு."

அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக ரீசார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடக்கிற நம்பரைப் போட்டு ஒரு காளையை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். மாடு ஆம்பளை பெயரில் என்றால் நம்பரும் ஆம்பளை நம்பர். யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காததற்கு அவளைத் திட்டி என்ன செய்ய?

"என் நம்பரப் போடுங்கக்கா" என்றாள். "பெருசாப் போடுங்க. யாரு பாத்தாலும் உடனே அடிக்கிற மாதிரி."

நான் மாட்டேன் என்று சொன்னேன்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கடை ஆரம்பித்த புதிதில் என் சொந்த சைட்டில் என் சொந்த நம்பரைப் போட்டிருந்தேன். பெண் குரல் என்று தெரிந்ததும் எங்கெங்கிருந்தோ அழைத்தார்கள். விடிகாலையில் வீடியோ கால். என்ன உடுத்தியிருக்கிறாய் என்று ஒருத்தன் தினமும் கேட்பான். ஒரு வருஷம் பொறுத்துவிட்டு நம்பரையே மாற்றினேன். இன்றைக்கும் கடை போர்டில் இருப்பது என் தம்பி நம்பர். அதனால் பெண்கள் நம்பரை நான் எந்தச் சைட்டிலும் போடுவதில்லை. அது என் சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நான் ஃபார்ம் வச்சுத் தாரேன்" என்றேன். "மாட்டப் பாத்தவுக எந்த இடம்னு அதுல எழுதி அனுப்பினா எனக்கு வரும். நான் அடுத்த நிமிசம் ஒனக்குப் போன் பண்றேன். கண்ட நாயும் ஒன்னக் கூப்புட வேணாம்."

"நம்பரே போட்டா என்னக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"சொன்னாக் கேளுத்தா" என்றேன். வயதில் மூத்தவள் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டாள். போட்டோவைக் கொடுத்தாள். கருப்பு மாடு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. அது ஒரு ஊர் ஜல்லிக்கட்டில் மூன்று வருஷமாக யார் கைக்கும் சிக்காத மாடாம், அதற்கென்று ஒரு கூட்டமே இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலத்துக்குள் லிங்க்கை எனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்பிலும் போட்டேன். அவளும் பங்காளி வீட்டுக் குரூப், மாமன் மச்சான் குரூப் என்று போட்டாள். குவைத்தில் புருஷனின் அறை நண்பர்கள் போட்டார்கள். அன்றைக்கு ஃபார்மில் இரண்டு தகவல் வந்தது, இரண்டும் வேறு மாடு. சைட் நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கீழே நின்று டீ குடிக்கிறேன், போன் விடாமல் கத்துகிறது. ஜல்லிக்கட்டு வீடியோ போடுகிற ஒரு பெரிய சேனல்காரர் லிங்க்கைப் போட்டுவிட்டார். ராத்திரி அறுநூறில் இருந்த எண் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உரக்கடைக்காரரிடம் காட்டினேன்.

"அடேங்கப்பா!" என்று அவரும் தன் போனில் திறந்து பார்த்தார். மூடிவிட்டு மறுபடி திறந்தார். "இப்பப் பாரும்மா, எழுபது ஏறிருச்சு."

இதைத்தான் ஊரெல்லாம் செய்துகொண்டிருந்தது. மாட்டின் ரசிகர் குரூப்பில் என் பக்கத்தின் அடிப்பகுதியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அஞ்சாயிரம் ஆச்சு என்கிறான் ஒருத்தன். மதியத்துக்குள்ள பத்தாயிரம் வரவைக்கணும்டா என்கிறான் இன்னொருத்தன். எண் ஏறினால் மாடு வந்துவிடும் என்பது போல.

ஒன்பது மணிக்கு மேல் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஒன்பதே காலுக்கு வட்டம் சுற்றியது. அப்புறம், "இந்தக் கணக்குக்கான அளவு முடிந்துவிட்டது, பிறகு முயற்சி செய்யவும்" என்று இங்கிலீஷில் ஒரு வெள்ளைப் பக்கம்.

என்ன நடந்தது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஒருவர் என் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் ஒரு புரோகிராமை ஓட்டி, டேட்டாபேஸில் போய் மாட்டு விவரங்களை எடுத்து, பார்த்தவர் எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுதி, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தரும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு மாவு ஆட்டுகிற கதை. என் பங்குக்கு ஒரே நேரத்தில் இருபது பேருக்குத்தான் இப்படிச் செய்துதர அனுமதி. இருபத்தொன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவர் அதிகமானால் விரட்டிவிடும். பக்கத்தை ஒரு தடவை கட்டி அப்படியே வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதற்கு கேஷ் என்று ஒரு வசதி உண்டு. அது இருந்திருந்தால் அதே மலிவான இடத்திலிருந்து பல ஆயிரம் பேருக்குக் கொடுத்திருக்கலாம். அதை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். எடுத்து வைத்த பக்கத்தில் எண் ஓடாது, ஒரே இடத்தில் நிற்கும். மண்டபத்துக்காரர் ஒரு தடவை, "ரெண்டு நாளா நம்பர் ஏறவே இல்லயே" என்று சண்டைக்கு வந்தார். அன்றைக்கு அணைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபார்மும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். சும்மா பார்க்க வந்தவனும், மாட்டைக் கண்ணால் கண்டு சொல்ல வந்தவனும் சர்வருக்கு ஒன்றுதான். பத்தாயிரம் பேர் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில், விஷயம் தெரிந்த ஒருத்தனுக்கு வழிவிட அதற்குத் தெரியாது.

அந்த நேரத்தில் எனக்கு இவ்வளவு தெளிவு இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் போட்டோவின் அளவைக் குறைத்தேன், அது ஒன்றுக்கும் உதவவில்லை. அடுத்து குரூப்புகளில், "சைட் ஸ்லோவாக இருக்கிறது, விட்டு விட்டு முயற்சி செய்யவும்" என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நம் ஆட்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள், அத்தனை பேரும் விட்டு விட்டு முயற்சி செய்தார்கள்.

பத்தரைக்கு ஹோஸ்டிங் கம்பெனியின் சாட்டில் போய்ச் சண்டை போட்டேன். அந்தப் பக்கம் ஒரு ஆள், அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தார். உங்கள் கணக்கு அளவை மீறிவிட்டது, அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் பாதிக்காமல் இருக்கத்தான் கட்டுப்படுத்தியிருக்கிறோம், பெரிய திட்டத்துக்கு மாறினால் சில மணி நேரத்தில் மாற்றித் தருகிறோம் என்றார். ஒரு மாட்டின் உயிர் போகிறது என்று எழுதினேன். புரிகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று வந்தது. நன்றாக வாய்க்கு வந்ததை எல்லாம் டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. அதற்கு முந்தைய தீபாவளியின்போது அதே சர்வரில் யாரோ முகம் தெரியாத ஒரு துணிக்கடைக்காரர் தள்ளுபடி போட்டுக் கூட்டம் மொய்த்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடையின் வால்வை இறுக்கித்தான் என் இருபத்தேழு சைட்டையும் காப்பாற்றினார்கள். அப்போது அந்தத் துணிக்கடைக்காரர் என்ன பாடு பட்டார் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை.

இதற்குள் மண்டபத்துக்காரர் அழைத்தார். "முகூர்த்த சீசன், பார்ட்டி சைட்டத் தொறந்தா எர்ரர் வருதுங்குறாக, என்னம்மா நடக்குது?" ஸ்டுடியோக்காரர் அழைத்தார். இருபத்தெட்டும் ஒரே குழாயில் அல்லவா இருக்கிறது. அவளும் அழைத்தாள்.

"அக்கா, எதுவும் வந்துச்சா?"

"இன்னும் இல்ல. சைட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம்க்கா. ஆயிரக்கணக்குல பாக்குறாகன்னு சித்தப்பா வீட்ல சொல்றாக." அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று பதினோரு மணிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டு, புரோகிராம் இல்லாத, டேட்டாபேஸ் இல்லாத, எண் ஓடாத ஒரு வெறும் பக்கத்தை வைக்க வேண்டும். ஒரு போட்டோ, நாலு வரி. ஆனால் அதை மாற்றப் போகிற என் வழியும் அந்தக் குழாய்தான். உள்ளே நுழைந்தால் வட்டம் சுற்றும், வெளியே தள்ளும். ஒன்றரை மணி நேரம் என் வீட்டுக் கதவை நானே தட்டிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டரைக்கு எப்படியோ உள்ளே விட்டது.

வெறும் பக்கத்தில் ஃபார்ம் வைக்க முடியாது. அவளைக் கூப்பிட்டேன். "ஒன் நம்பரப் போட்டுறட்டுமா?"

"அதத்தானேக்கா நேத்தே சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

போட்டேன். பக்கம் பட்டென்று திறந்தது. எத்தனை பேர் வந்தாலும் திறந்தது. அதே சர்வர், அதே பங்கு, அதே கூட்டம், ஒரு பைசா கூடக் கட்டவில்லை.

மூன்று மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. தைலமரக் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போன இரண்டு பெண்கள், ஒரு பழைய கிணற்றைச் சுற்றிக் காக்காய் கத்துவதைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தியின் போனில் என் பக்கம் வந்து கிடந்திருக்கிறது. நம்பரை அமுக்கியிருக்கிறார்கள். நானும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் அதிகம் இல்லாத கிணறு. மாடு கழுத்து மடங்கிக் கிடந்தது, மூக்கணாங்கயிறு பாதியில் அறுந்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, விழுந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்று இறங்கிய ஆள் மேலே பார்த்துச் சொன்னார். அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. எனக்கு அழுகிற உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை அவர்கள் கொல்லையில் குழி வெட்டினார்கள். மேளம், மாலை, வேட்டி, மனுஷனுக்குச் செய்கிற எல்லாம். பிளக்ஸில் மாட்டின் படமும் குவைத்தில் இருக்கிற புருஷன் படமும் இருந்தன. அவள் படம் இல்லை. அவர் வீடியோ காலில் அழுதார், போனை மாட்டின் முகத்துக்கு நேராக ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு ஆள் வந்தார். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து மரம் வெட்ட வந்த கூலியாள். கையில் ஒரு சின்ன மாலை. குழியில் போட்டுவிட்டு, மாட்டுக்காரர் யார் என்று தேடினார். அவளைக் காட்டினார்கள்.

"தாயி, நேத்துக் காலையில நான் பாத்தேன். ஒம்பதரை இருக்கும். குட்டை ஓரமா நின்னுச்சு, உசுரோட. கயிறு ஒரு மரத்தூருல மாட்டியிருந்துச்சு. கிட்டப் போனா முட்ட வந்துச்சு. மாட்டுல இருந்த நம்பருக்கு அடிச்சேன், சுவிட்ச் ஆஃப். எங்காளு ஒருத்தன் போன்ல அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வந்துருந்துச்சு. எடத்த எழுதி அமுக்குனேன், சுத்துச்சு. திருப்பி அமுக்குனேன், சுத்துச்சு. ஏழெட்டு தடவ அமுக்குனேன். கீழ பாத்தா ஏழாயிரம் பேரு பாத்துருக்காகன்னு இருந்துச்சு. இம்புட்டுப் பேரு பாத்துட்டாக, இந்நேரத்துக்கு யாராச்சும் வந்துருப்பாகன்னு நெனச்சுக்கிட்டு லோடு ஏத்தப் போயிட்டேன்."

அவர் அழுதார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைக்கு வந்து சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் ஃபார்மில் அனுப்புகிற பட்டனை யார் எப்போது அமுக்கினாலும் அதில் ஒரு வரி விழும். ஒன்பது முப்பத்தாறிலிருந்து ஒன்பது ஐம்பது வரைக்கும் ஒரே போனிலிருந்து ஒன்பது தடவை. ஒன்பதும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. என்ன எழுதினார் என்பது அதில் இல்லை, அமுக்கினார் என்பது மட்டும்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"அன்னைக்கு நம்பர் போட்டதுலேருந்து நூறு கால் வந்துருக்கும்க்கா. துக்கம் விசாரிச்சுத்தான் பாதி. ரெண்டே ரெண்டு பேரு வேற மாதிரி பேசுனாங்க. வச்சிட்டேன். அவ்வளவுதான்க்கா."

அவ்வளவுதான். அந்த இரண்டு பேருக்குப் பயந்துதான் நான் சட்டம் போட்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது என் சைட்டுகள் எதிலும் எண் ஓடுவதில்லை. கேஷ் போட்டிருக்கிறேன். மாட்டுப் பக்கம் தனியாக ஒரு வெறும் பக்கமாக இருக்கிறது, எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். மண்டபத்துக்காரர் எண் வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். போகட்டும். கடை போர்டில் மட்டும் இன்னும் தம்பி நம்பர்தான். மாற்ற வேண்டும் என்று பெயிண்டரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தையில் கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் உரக்கடை வாசலில் மினி லாரி. அதில் ஒரு செவலைக் காளை, இளசு, முதல் தடவையாக வாடிக்குப் போகிறது. அவள் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க" என்றாள்.

இறங்கினேன். மாட்டின் விலாவில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாகப் பத்து எண். சுற்றி வந்து பார்த்தேன், அந்தப் பக்கத்து விலாவிலும் அதே பத்து எண்.

"நம்பர் சரியா இருக்கான்னு அடிச்சுப் பாருங்க" என்றாள்.

அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மாட்டைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்து அமுக்கினேன். அவள் கையிலிருந்த போன் அடித்தது. எனக்கு எதிரே, இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "என் மாடுதான்."